மொட்டைமாடி வகுப்புக்கும் கதவு திறந்த வீடுகளுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

மின்கம்பியாள் உதவியாளர் (ஒயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வில் தேறிவிட்டேன். கடலூரில் 27 வருடமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். 48 வயதில், என் தொழிலுக்கென்று என் பெயர் போட்டு வந்திருக்கும் முதல் சான்று இது. நேரில் பார்த்தவர்களிடம் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் சிலருக்கு ஊரறியச் சொன்னால்தான் மனசு ஆறும்.

முதலில், அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்தில் விண்ணப்பம் எடுத்துக் கொடுத்த ஊழியர் அம்மாவுக்கு. என் வயதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மூன்றாம் தடவை அவரே கூப்பிட்டுக் கேட்டார். "21 வயசு முடிஞ்சிருக்கணும், 5 வருஷம் ஒயரிங் அனுபவம் இருக்கணும், அவ்வளவுதாங்க. மேல் வயசுக்கு வரம்பே இல்லை" என்றார். அந்த ஒரு வரியை யாராவது பத்து வருடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று அன்று ரொம்ப ஏங்கினேன்.

அடுத்து அனுபவச் சான்று. அதிக வருடம் யாரிடம் வேலை பார்த்தேனோ அவர் எழுதித் தரவில்லை. எழுதிக் கொடுத்தால் நாளைக்கு பி.எஃப். கேட்டு நிற்பேன் என்று நினைத்தார். மஞ்சக்குப்பத்து காண்ட்ராக்டர் அண்ணன்தான் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, எந்த வருடம் எந்தக் கட்டடம் என்று தேதி பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணே, நீங்கள் எழுதியதில் ஒரு நாள்கூடக் கூட்டியோ குறைத்தோ இல்லை. அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு நன்றி.

ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்காரர்கள் வேலைக்குக் கூப்பிடும் நாள். தேர்வுக்குப் படிக்கும் வகுப்பும் ஞாயிற்றுக்கிழமைதான். ஐந்து மாதம் அந்தக் கூலி இல்லாமல் வீட்டை ஓட்டியது என் மனைவி. பிளஸ் டூ படிக்கிற மகள் எனக்கு வாத்தியாரானாள். புத்தகத்தில் மின்காப்பு, புவியிணைப்பு, மின்தடை என்று இருக்கும். நான் இன்சுலேஷன், எர்த், ரெசிஸ்டன்ஸ் என்றே பழகியவன். ஒரு நோட்டில் இடப்பக்கம் புத்தகச் சொல், வலப்பக்கம் என் சொல் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். தெரிந்த பொருள்தான், வேறு பெயரில் நிற்கிறது என்று புரிந்ததும் பாதி பயம் போனது.

இனி ஐயாவைப் பற்றி. பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர், திருப்பாப்புலியூரில் தன் வீட்டு மொட்டைமாடியில் எங்கள் ஆறு பேருக்கு ஒரு ரூபாய் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். ஒரு பிளைவுட் பலகை, நாலு சுவிட்ச், இரண்டு ஹோல்டர், இன்சுலேஷனைச் சோதிக்கும் ஒரு பழைய மெக்கர். இத்தனை வருடத்தில் நான் மெக்கரைக் கையால் தொட்டதில்லை. பல்பு எரிந்தால் வேலை சரி என்று கிளம்பிவிடுவோம். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைப் பார்க்க வேண்டும், 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கேயோ கசிகிறது, தேடு என்று அவர் சொன்ன அன்றுதான் எரிகிற பல்புக்குப் பின்னாலும் கோளாறு இருக்கும் என்று தெரிந்தது.

இரண்டாம் மாதம் ஒரு நாள். பலகையில் த்ரீ பின் சாக்கெட் ஒன்றை வரைந்தார். கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் முனையையும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் சின்ன ஒயரால் இணைத்த மாதிரி கோடு போட்டார். "இப்படிக் கொடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார். நான் கையைத் தூக்கினேன். எர்த் குழி இல்லாத வீடுகளில் கிரைண்டர் சுர்ரென்று இழுக்கிறது என்பார்கள். இப்படி இணைத்தால் அது நின்றுவிடும். என் மேஸ்திரி அப்படித்தான் காட்டிக் கொடுத்தார். ஐயா திட்டவில்லை. படத்தில் நியூட்ரல் கோட்டை ஓர் இடத்தில் அழித்தார். "ஜாயின்ட் இங்கே விட்டுப்போச்சுன்னு வை. சுவிட்ச் போட்டிருக்கு. இப்ப கிரைண்டரோட பாடி என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். 230 வோல்ட்டும் மோட்டார் வழியாக வந்து அந்தத் தகரத்தில் நிற்கும். ஈரக் கையோடு மாவு தள்ளுகிற பெண்தான் அதைத் தொடுவாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து ஊரே வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது. எப்படியாவது ஃபேன் ஓடினால் போதும் என்று மக்கள் கெஞ்சினார்கள். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் அப்போது அவசர அவசரமாக இப்படி எர்த்தையும் நியூட்ரலையும் இணைத்து ஒயரிங் மாற்றிக் கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். 11 வீடுகள்.

இந்த மடலே அந்த வீட்டுக்காரர்களுக்காகத்தான். "நான் செய்தது தப்பு, சரி செய்து தருகிறேன், எனக்குக் கூலி வேண்டாம்" என்று வந்து நின்றவனைப் பார்த்து நீங்கள் யாரும் கதவைச் சாத்தவில்லை. ஒரு பாட்டி மட்டும் "இத்தனை வருஷமா எமனை வீட்டுல வெச்சிட்டா போனே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மோரும் கொடுத்தார். ஒயர், குழாய் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். வகுப்புத் தம்பிகள் மூன்று பேர் கடப்பாரையோடு வந்து எர்த் குழி தோண்டினார்கள். 2.5 மீட்டர் ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. கடற்கரை மணலில் ஈரம் நிற்காது, கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள். உப்புக்காற்றில் கிளாம்ப் அரித்துப் போகும், வருடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தவர்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டுக்கொண்டீர்கள். கரண்ட் எர்த்துக்கோ ஆள் உடம்பு வழியாகவோ கசிந்தால் அந்த சுவிட்ச் தானே விழுந்து கரண்ட்டை நிறுத்திவிடும்.

செய்முறைத் தேர்வில் எனக்கு மாடிப்படி ஒயரிங் வந்தது, ஒரே பல்பைக் கீழிருந்தும் மேலிருந்தும் போட்டு அணைக்கிற இணைப்பு. கை நடுங்கவில்லை. அந்த வீடுகளில் பழகிய கை.

சான்றைப் பார்த்துவிட்டு, கொத்து வேலையும் பெயின்ட் வேலையும் பார்க்கிற நண்பர்கள் தங்களுக்கும் வழி உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. 2015இல் வந்த பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று கொடுக்கவே ஒரு பிரிவு இருக்கிறது. விசாரித்துப் பாருங்கள், கூட வருகிறேன். நானும் அடுத்து கம்பியாள் சான்றுக்குத் தயாராக வேண்டும். ஐயா மாடியைப் பெருக்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு விஷயம். 11 வீட்டில் 10 முடிந்தது. தாழங்குடாவில் பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு மட்டும் பாக்கி. நான்கு தடவை போனேன், பூட்டியிருக்கிறது, குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது என்கிறார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். திரும்பி வந்தால் நான் வந்து பார்க்கும் வரை மெயினைப் போட வேண்டாம்.