‘வேண்டாம்’ என்று தடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் சொந்தங்களுக்கும் சுற்றுத் தோட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீர் ஏறியிருந்த நேரம், பெர்ணம் ஆற்றில் ஒரு வெள்ளைப் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போனதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். “லோரி சத்தம் கேட்குது, லோரியைக் காணோமே” என்று படகுத்துறையில் நின்ற பிள்ளைகள் தேடினார்களாம். சத்தம் லோரியுடையதுதான். அந்த 19 அடி வேகப்படகுக்குள் இருப்பது ஒரு சின்ன லோரியிலிருந்து இறக்கிய இசுசு 4ஜேபி1 டர்போ என்ஜின். நான்கு சிலிண்டர், 2,771 சிசி டீசல். அங்கே முன்பு இருந்த 3 லிட்டர் பெட்ரோல் என்ஜின் உப்புத்தண்ணீர் புகுந்து இறுகிப்போய்விட்டது. அதனால்தான் படகு எனக்கு மலிவாகக் கிடைத்தது.

பதினோரு மாத வேலை. உதவிய அனைவருக்கும் நன்றி என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. நீங்கள் செய்த உதவியில் பாதி, நான் செய்யப் போனதைச் செய்யவிடாமல் தடுத்தது.

முதலில், முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்கு லோரி ஓட்டிய பெரியண்ணன். டீசல் பம்பைத் திருகி எண்ணெயைக் கூட்டிவிட்டால் இன்னும் முப்பது குதிரைத்திறன் கிடைக்கும் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அவர் பசியாறிக்கொண்டே கேட்டார்: “தம்பி, லோரிக்கு ஏத்தம் உண்டு, இறக்கமும் உண்டு. இறக்கத்துல காலை எடுப்போம், என்ஜின் மூச்சு விடும். தண்ணியில இறக்கம் எங்க இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பாரத்தோடு ஏறும் லோரி, உச்சியைத் தொடாமல் ஏறிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படித்தான் வேகப்படகில் என்ஜினின் பிழைப்பு. பம்பைத் தொடவில்லை. கம்பெனி வைத்த அளவே இருக்கிறது. பெரியண்ணே, அந்த ரொட்டி சானாய்க்கு நீங்களே காசு கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கடன் தனியாக நிற்கிறது.

அடுத்தது படகுப் பட்டறை முதலாளி, தவுக்கே. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லோரியில் ரேடியேட்டரும் காற்றாடியும் பார்க்கும் வேலையைப் படகில் ஆற்றுத் தண்ணீர் பார்க்கிறது. ஆனால் அது என்ஜினுக்குள் போவதில்லை. என்ஜினுக்குள் சுற்றுவது கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர். ஆற்று நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்கள் வழியாகப் போய் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகைக்குழாயில் கலந்து, புகையையும் குளிர வைத்து, பின்பலகை வழியாக வெளியே கொட்டுகிறது. ரப்பர் குழாய் வெந்து போகாமல் இருப்பது இதனால்தான். புகையும் தண்ணீரும் சேரும் அந்த வளைவை, முழங்கை என்போம், நானே பற்றவைத்து மாட்டி, தவுக்கேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. எனக்குப் பெருமை.

அவர் குழாயைப் பார்க்கவே இல்லை. என் மச்சானையும், கோயில் சமையல்காரரையும், என் தம்பியையும் கூப்பிட்டுப் படகின் பின்பக்கம் நிற்க வைத்தார். மூவரும் கொஞ்சம் பெரிய ஆட்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படகு பின்னால் அமிழ்ந்தது. தவுக்கே காதில் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்து, குனிந்து, வெளியே தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பார்த்து உள்பக்கம் ஒரு கோடு போட்டார். என் முழங்கைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடம். “இப்ப வேகமா போயி, டக்குனு நிறுத்து. பின்னால அலை ஏறும். தாக் போலே, ஆகாது” என்று சொல்லிவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார்.

புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி சிலிண்டருக்குள் போனால் என்ன ஆகும் என்று போர்மன் (மெக்கானிக்) வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும், கனெக்டிங் ராடு வளையும். முழங்கையை அறுத்து, சாக்குக்கோட்டுக்கு மேல் ஓர் அடி உயர்த்தி, அங்கிருந்து வெளியே சரிவாக இறக்கினோம். அந்தச் சாக்குக்கோட்டை நான் அழிக்கவில்லை, அதன் மேலேயே பெயின்ட்டில் கோடு போட்டுவிட்டேன். தவுக்கே கூலியாக வாங்கிக்கொண்டது இரண்டு பொட்டலம் நாசி லெமாக்.

செம்பனை ஆலையில் லேத் பார்க்கும் மாமாவுக்கு என் பொறுமையின்மைக்காக மன்னிப்பும் சேர்த்து நன்றி. லோரி என்ஜினின் பின்பக்கமும் புரொப்பெல்லரைச் சுழற்றும் படகின் டிரைவும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் கனமான அலுமினியத் தட்டு ஒன்று வேண்டும். தட்டின் நடுவும் கிராங்கின் நடுவும் ஒரே கோட்டில் நிற்கும்வரை டிரில்லைத் தொட மாட்டேன் என்று மூன்று சனிக்கிழமை டயல் கேஜோடு உட்கார்ந்தார். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் அடங்கிய பிறகுதான் முதல் துளை. “பெட்ரோல் தள்ளும்டா, டீசல் அடிக்கும்” என்று சொல்லி, அதிர்வு தாங்கும் ரப்பர் கப்ளிங் போடாமல் விடவில்லை. இல்லாவிட்டால் ஷாப்டின் பல் ஒரே மாதத்தில் மழுங்கியிருக்கும்.

அதே ஆலையின் பாய்லர் தம்பி, நான் வாங்கி வந்த எக்ஸ்சேஞ்சரைக் கையில் தூக்கிப் பார்த்து, “அண்ணே, இது குளிர் நாட்டுக் கணக்கு. நம்ம ஆத்துத் தண்ணியே வெதுவெதுன்னு இருக்கு” என்றான். ஒரு அளவு பெரியது வாங்கினேன். வெப்பம் காட்டும் முள் இப்போது 84 டிகிரியைத் தாண்டுவதில்லை.

அப்புறம் பாக் சிக், நம் மலாய்க்கார மாமா. உங்களுக்கு இந்தத் தமிழ் மடலைப் படிக்கட்டில் உட்கார்ந்து என் மகன் மலாயில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். டீசல் மெதுவாகச் சுற்றும், அதனால் பெரிய பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அதிக தூரம் தள்ளும் புரொப்பெல்லர் வேண்டும் என்று கணக்குப் போட்டு 23 அங்குலம் மாட்டியிருந்தேன். என்ஜின் நிமிஷத்துக்கு 3,600 சுற்று போக வேண்டியது, 2,900க்கு மேல் ஏறவில்லை. பின்னால் கரும்புகை. எண்ணெய் பம்பு, ஏர் பில்டர், டர்போ என்று நான் சந்தேகப்படாத பாகம் இல்லை. பாக் சிக் தம் படகில் வலை பின்னிக்கொண்டே, இரண்டு கையாலும் காற்றில் பெரிய வட்டம் போட்டுத் தலையை ஆட்டினார். பிறகு சின்ன வட்டம் போட்டார். “கிப்பாஸ் பெசார்.” விசிறி பெரிது என்றார், அவ்வளவுதான். 19 அங்குலம் மாட்டியதும் 3,550. உண்மையைச் சொன்னால் வேகம் பெரிதாகக் கூடவில்லை, முன்பும் பின்பும் மணிக்கு 25 கடல்மைலுக்குப் பக்கம்தான். ஆனால் கரும்புகை போய்விட்டது, என்ஜின் திணறுவதும் நின்றுவிட்டது.

டிராக்டர் மண்டோருக்கு (கங்காணிக்கு) ஒரு வார்த்தை. 2019இலிருந்து நம் பெட்ரோல் பங்கில் கிடைப்பது பத்து விழுக்காடு செம்பனை எண்ணெய் கலந்த டீசல். அது பழைய டாங்கியில் ஒட்டிக்கிடக்கும் அழுக்கை எல்லாம் கரைத்துக் கொண்டுவரும், தண்ணீரையும் இழுக்கும் என்று எச்சரித்தீர்கள். நான் கேட்கவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் நடு ஆற்றில் பில்டர் அடைத்து, துடுப்புப் போட்டுக் கரைசேர்ந்தோம். நம் தோட்டத்துச் செம்பனையே நம்மை மடக்கியது. இப்போது தண்ணீர் பிரிக்கும் பில்டர் இரண்டு இருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கு நன்றி சொன்னால் சிரிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தது என் மனைவி. டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசலே 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார் என்று என் மகன் கைப்பேசியில் படித்ததுதான் தாமதம், அம்மா படகுக்கு முன்னால் மிதவைச் சட்டை வாங்கச் சொல்லிவிட்டார். ஆறு வாங்கினோம், எல்லாம் ஆரஞ்சு நிறம். பதிவுப் பாரங்களை எல்லாம் நிரப்பித் தந்த தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டுப் பிள்ளைக்கும், கொட்டகையைப் பதினோரு மாதம் விட்டுக்கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி. கொட்டகைத் தரையில் உள்ள எண்ணெய்க் கறையை இந்த வாரமே கழுவித் தருகிறேன்.

வரும் ஞாயிறு நீர் ஏறும் நேரத்துக்குப் படகுத்துறைக்கு வாருங்கள். ஒரு நடைக்கு ஐந்து பேர்தான், சட்டை ஆறுதான் இருக்கிறது, ஒன்று எனக்கு. மச்சானும் தம்பியும் சமையல்காரரும் தனித்தனி நடையில் வரவும். இன்னொன்று, படகின் அடியில் ஒரு 17 நம்பர் ஸ்பானர் கிடந்தது. பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.