தேர்வாணையம்: நீக்க ஆயிரம் விதி, நியமிக்க?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், பிராட்வே பக்கம் இருக்கும் டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) என்பது கொஸ்டின் பேப்பர் எடுத்து ரிசல்ட் போடும் ஆபீஸ், அவ்வளவுதான். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகும் ஆணையத்துக்கு அவர்கள் விஷயத்தில் பங்கு உண்டு. 17(பி) சார்ஜ் மெமோ (பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை), விளக்கம், விசாரணை அறிக்கை எல்லாம் முடிந்து, அரசே தண்டனை விதிக்கப்போகிறது என்றால் கோப்பு ஆணையத்தின் கருத்துக்குப் போக வேண்டும். ஓய்வூதியத்தில் கை வைப்பதானாலும், 1978 ஓய்வூதிய விதிகளின் 9-ஆவது விதிப்படி இறுதி ஆணைக்கு முன் ஆணையத்தைக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டுமே தவிர, ஏற்க வேண்டியதில்லை. கேட்காமலே விட்டால்கூட அந்த ஒரே காரணத்துக்காக தண்டனை செல்லாமல் போய்விடாது என்று மன்போதன் லால் வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆலோசனையை ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தை ஆணையத்தின் ஆண்டறிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 323-ஆவது பிரிவு. அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் எம்.எல்.ஏ.க்கள் எத்தனை பேரோ!

ஆக, ஆணையத்தின் பலமெல்லாம் அதில் உட்கார்ந்திருப்பவர்களின் தகுதியில்தான். அங்கேதான் ஓட்டை.

தலைவராகவோ உறுப்பினராகவோ வந்தவரை நீக்குவது லேசில் நடக்காது. முறைகேடு என்றால் குடியரசுத் தலைவர் விஷயத்தை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி, அது விசாரித்துச் சொன்ன பிறகே பதவியைப் பறிக்க முடியும். அதுவரை ஆளுநர் இடைநீக்கம் செய்யலாம், அவ்வளவே. சம்பளமும் செலவும் மாநிலத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாட்டப்பட்டவை என்பதால் சட்டமன்ற வாக்கெடுப்புக்கு வராது. பதவி முடிந்த பிறகு வேறு தேர்வாணையப் பதவிக்குப் போகலாமே தவிர, அரசு வேலை எதற்கும் போகக் கூடாது.

நியமனத்துக்கு 316-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஆளுநர் நியமிப்பார், உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அரசுப் பணியில் 10 ஆண்டு இருந்திருக்க வேண்டும். மீதிப் பாதிக்கு ஒரு டிகிரிகூட கேட்கவில்லை. விளம்பரம், தேடல் குழு என்ற பேச்சே அதில் கிடையாது. தகுதியையும் நேர்மையையும் அலசிப் பார்க்காமல் நியமிக்கக் கூடாது என்று பஞ்சாப் ஆணையத் தலைவர் வழக்கில் (சலீல் சப்லோக், 2013) உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், 2016-இல் இங்கே ஒரே வீச்சில் 11 பேரை நியமித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஜூனில் தலைவர் ஓய்வு பெற்ற பிறகு, 2024 ஆகஸ்ட் வரை முழுநேரத் தலைவர் இல்லை. நடுவில் அரசு பரிந்துரைத்த பெயரை ஆளுநர் திருப்பி அனுப்பினார். தேர்வு முறை இன்னதென்று எழுத்தில் இருந்திருந்தால், ஏன் இவர் என்று கேட்கவும் பதில் சொல்லவும் ஓர் அடிப்படை இருந்திருக்கும்.

பதவிக்காலம் 6 ஆண்டு அல்லது 62 வயது, எது முந்தியோ அது. 60-இல் ஓய்வு பெற்று வருபவருக்கு அந்த 6 ஆண்டு காகிதத்தில் மட்டும்தான். வேலை பிடிபடுவதற்குள் வீட்டுக்குப் போகிற தேதி வந்துவிடும். அந்தத் தேதி நியமன நாளன்றே தெரியும். அப்படியிருக்க, இடம் காலியான பிறகு ஆள் தேடுவது ஏன்? 6 மாதம் முன்பே விளம்பரம் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற நீதிபதியும் எதிர்க்கட்சித் தலைவரும் இருக்கும் குழு, வந்த பெயர்களைச் சலித்து, காரணத்தை எழுதிப் பரிந்துரைக்கலாம். தலைவர் நீங்கலாக 14 உறுப்பினர் இடங்கள்; புதிதாக வருபவர் அரசுப் பணிப் பாதியில் வருகிறாரா, மற்றப் பாதியிலா என்பதை நியமன ஆணையிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு அலுவலர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.