விடியும் முன் ஒரு முறை ஆற்றுக்கு வாருங்கள்

கன்னியாகுமரி மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு, மீன்வளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ரப்பர் ஆலைகளை மூடச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. ரப்பரை நம்பித்தான் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் மூவாற்றுமுகம் தொடங்கி தேங்காப்பட்டணம் வரை குழித்துறை ஆற்றில் தூண்டிலும் வலையுமாகப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரை எப்போது சோதிப்பது என்பதுதான் என் பேச்சு.

ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம். உறைந்த பாலை ஷீட்டாக அடித்தபின் மிஞ்சும் புளித்த தண்ணீரில் புரதமும் சர்க்கரையும் கிடக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால், நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்ப்பதற்குள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். பால் கெடாமலிருக்க அம்மோனியா சேர்க்கிற இடங்களில் கழிவோடு அதுவும் வரும்.

பாசி பிடித்த தண்ணீரில் ஆக்சிஜன் பகலில் ஏறி, இரவெல்லாம் இறங்கி, விடியும் முன் அடிமட்டத்துக்கு வரும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அந்நேரம்தான். நண்பகல் வெயிலில் பாட்டிலை முக்கினால் எல்லாம் சரியாகவே தெரியும். அம்மோனியா நேர்மாறு. பிற்பகலில் தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் கூடும்போதுதான் அதன் விஷமும் கூடும். மீன் வாழும் நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும், கட்டற்ற அம்மோனியா 1.2-ஐத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த அளவு. ஒரே பாட்டிலில் இரண்டையும் பிடிக்க முடியாது.

அப்புறம், "விரால் கிடைக்குதே, தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்த வழி இல்லை. உயிரோடு பிடித்த கெண்டையின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக, இழை இழையாகப் பிரிந்திருந்தால் சரி. வெளுத்தோ பழுப்பேறியோ, சளி மூடி இழைகள் ஒட்டிக் கிடந்தால் அது மூச்சுக்குத் திணறியிருக்கிறது. செத்து மிதக்கிற மீனில் இதைப் பார்க்க முடியாது. நம் வெயிலுக்குச் செவுள்தான் முதலில் அழுகும்.

ஆகவே, ஆலை ஓடைகள் ஆற்றில் சேரும் இடங்களில் விடியற்காலையும் பிற்பகலும் மாதிரி எடுங்கள். மரம் இலையுதிர்த்து டேப்பிங் (பால் வெட்டு) ஓய்ந்திருக்கும்போது ஒரு முறை, பால் வரத்து மும்முரமாக இருக்கும்போது ஒரு முறை. அதே நாளில் மீன்வளத் துறையினர் செவுளைப் பார்க்கட்டும். வந்த அளவுகளை அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஆற்று மீன் தின்று பழகிய ஒருவன்