குலுக்கல் பானையில் எங்கள் ஊர்ச் சீட்டும் விழ வேண்டும்: புதுச்சேரி கால்பந்து நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கால்பந்தை நடத்தும் நிர்வாகிகளுக்கும், விளையாட்டுத் துறை அலுவலர்களுக்கும், புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் அணித் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் அரியாங்குப்பத்தில் வளர்ந்தவன். இருபது ஆண்டுகள் பின்களத்தில் ஆடியவன். இப்போது மாலை நேரங்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். தங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான்கு பகுதிகளிலும் உள்ள எந்த அணியும், பெரியது சிறியது என்ற பேதமில்லாமல், பெயர் கொடுத்துச் சேரக்கூடிய, தோற்றவர் வெளியேறும் ஒரு நாக் அவுட் கோப்பைப் போட்டியைத் தாங்கள் தொடங்கி நடத்த வேண்டும். இதற்கு முன்மாதிரியாக நான் காட்ட விரும்புவது பிரெஞ்சுக் கோப்பையை. அந்த நாட்டின் மீதுள்ள பழைய பாசத்தால் அதைச் சொல்லவில்லை; அந்தக் கோப்பை பிறந்த விதமும் அது இன்றுவரை விடாமல் காத்துவரும் சில விதிகளும் நம் நிலைமைக்கு அப்படியே பொருந்துவதால் சொல்கிறேன்.

நம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் போர் நினைவுச் சின்னத்தைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பிரெஞ்சிந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்று திரும்பி வராதவர்களுக்காக எழுப்பப்பட்டது அது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 அன்று அதற்கு விளக்கு அலங்காரம் செய்கிறோம். அதே போரில் மாண்ட ஒருவருக்காக எழுப்பப்பட்ட இன்னொரு நினைவுச் சின்னம்தான் பிரெஞ்சுக் கோப்பை. ஷார்ல் சிமோன் என்பவர் அந்நாட்டுக் கால்பந்து அமைப்பாளர்களில் முதன்மையானவர். 1915 ஜூனில் ஆர்ட்டுவா போர்முனையில் உயிரிழந்தார். அவருடைய தோழர்கள் அவருக்குக் கல்லில் தூண் நாட்டாமல், அவர் பெயரில் ஒரு கோப்பையை ஏற்படுத்தினார்கள். 1917 அக்டோபரில் 48 அணிகளோடு அது தொடங்கியது. ஜெர்மானியரின் நெடுந்தூரப் பீரங்கி பாரீஸ் நகரின் மேல் குண்டு வீசிக்கொண்டிருந்த அந்த வசந்த காலத்தில், 1918 மே 5 அன்று, பாரீசிலேயே முதல் இறுதிப் போட்டி நடந்தது. பான்தேன் அணி லியோன் அணியை 3-0 என்று வென்றது. போர் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்தக் காலத்தில் பிரான்சில் கால்பந்து ஒரே குடையின் கீழ் இல்லை என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும். கத்தோலிக்க இளைஞர் மன்றங்களுக்கு ஒரு கூட்டமைப்பு, பல விளையாட்டுகளையும் சேர்த்து நடத்தியவர்களுக்கு இன்னொரு கூட்டமைப்பு என்று பிரிந்து கிடந்தார்கள். ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே ஒரு சாம்பியனை அறிவித்துக்கொண்டிருந்தது. ஒரு பிரிவின் அணி மறு பிரிவின் அணியோடு மோதுவதற்கு எளிதில் வழியில்லாதிருந்த அந்த நிலையில், எந்தப் பிரிவைச் சேர்ந்தவராயினும் வரலாம் என்று கதவைத் திறந்தது இந்தக் கோப்பைதான். 1919 ஏப்ரலில்தான் ஜூல் ரிமே தலைமையில் பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு உருவாயிற்று. அதாவது கோப்பை முன்னால் வந்தது, ஒற்றுமை பின்னால் வந்தது. எல்லாரும் ஒன்று சேர்ந்த பிறகு போட்டி வைக்கலாம் என்று நம்மிடையே சொல்பவர்களுக்கு இந்த வரிசையை நான் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

எனக்கு இந்த வரலாற்றைச் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். 2000-ஆம் ஆண்டு மே 7 அன்று, இறுதிப் போட்டியைப் பார்ப்பதற்காக எங்களில் நான்கைந்து பேரைத் தம் வீட்டுக்குக் கூப்பிட்டார். இரவு வெகுநேரம் வரை திண்ணைக் கதவு திறந்தே இருந்தது; அவர் மட்டும் நாற்காலியில் உட்காராமல், சட்டைப் பித்தானை முழுதும் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்த்தார். ஆடியவை நாந்த் அணியும் கலே அணியும். கலே என்பது ஒரு துறைமுக ஊர். அதன் அணி நான்காம் டிவிஷனில், அதாவது மேலிருந்து நான்காம் படியில், ஆடிய அமெச்சூர் அணி. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள் அதில் ஆடினார்கள். அப்படிப்பட்டவர்கள் அந்த ஆண்டு ஸ்ட்ராஸ்பூர் என்ற முதல் டிவிஷன் அணியை வீழ்த்தினார்கள். அரையிறுதியில், அப்போதைய லீக் சாம்பியனான போர்தோ அணியையே 3-1 என்று வீழ்த்தினார்கள். சொந்த மைதானம் போதாததால் அந்த ஆட்டங்களை லான்ஸ் நகரின் மைதானத்தில் ஆடினார்கள். இறுதிப் போட்டியிலும் முதல் கோல் அவர்களுடையதே. நாந்த் அணியின் சிபியெர்ஸ்கி இடைவேளைக்குப் பிறகு ஒரு கோலும், ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டியில் இன்னொரு கோலும் அடித்ததால் 2-1 என்று கலே தோற்றது.

கோப்பையைக் கொடுத்தபோது நாந்த் அணித் தலைவர் லாந்த்ரோ, கலே அணித் தலைவரான பெக் என்பவரைத் தம் பக்கத்தில் அழைத்துக்கொண்டார். இருவருமாகச் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். தாத்தா அப்போதுதான் உட்கார்ந்தார்.

கலே அணி இறுதி வரை வந்தது தற்செயலாக நேர்ந்த அதிசயம் என்று நான் கருதவில்லை. போட்டியின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது. இன்று பிரெஞ்சுக் கோப்பையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் பெயர் கொடுக்கின்றன. கிராமத்து அணிகள் முதல் சுற்றுகளிலேயே ஆடத் தொடங்குகின்றன. பெரிய தொழில்முறை அணிகள் பல சுற்றுகள் கழிந்த பிறகே வந்து சேர்கின்றன. எதிராளி இரண்டு டிவிஷனோ அதற்கு மேலோ உயர்ந்தவராக இருந்தால், ஆட்டம் சிறிய அணியின் மைதானத்தில்தான் நடக்க வேண்டும் என்பது விதி. இந்த விதியைத்தான் நான் எல்லாவற்றினும் மேலாக மதிக்கிறேன். பெரிய அணி பேருந்தில் ஏறி, சிறிய ஊரைத் தேடி வர வேண்டியிருக்கிறது. அன்று அந்த ஊரே தெருவுக்கு வருகிறது; கோடு போடுபவர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அந்த ஆட்டத்தில் பங்கு உண்டாகிறது. 2012-இல் மூன்றாம் டிவிஷன் அணியான கெவிய்யி மார்செய் அணியை வென்று இறுதி வரை சென்றதும், 2018-இல் லெஸ் எர்பியே என்ற இன்னொரு மூன்றாம் டிவிஷன் அணி இறுதிப் போட்டியில் பாரீஸ் அணியை எதிர்கொண்டதும் இதே வழியில்தான்.

கடல் கடந்த ஊர்களையும் அந்தக் கோப்பை விட்டுவிடவில்லை. 1957 பிப்ரவரியில், அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அல்ஜியர்ஸ் நகரின் எல் பியார் என்ற சிறு அணி, முந்தைய ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் இறுதி வரை சென்றிருந்த ரேன்ஸ் அணியை 2-0 என்று வீழ்த்தியது. 1960-களிலிருந்து மர்த்தினிக், குவாதலூப், ரீயூனியன் போன்ற தீவுகளின் அணிகளும் சேர்க்கப்பட்டன. 2020 ஜனவரியில் ரீயூனியனின் சேன் பியேர் ஊர் அணி, ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து சென்று, நியோர் என்ற இரண்டாம் டிவிஷன் அணியை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. நம் கடற்கரையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்றும் வாழும் தீவு அது. அந்தச் செய்தியைப் படித்தபோது நம்மவர் வெற்றியாகவே எனக்குப் பட்டது.

இனி நம்மைப் பாருங்கள். காரைக்கால் நமக்குத் தெற்கே, நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டி இருக்கிறது. மாஹே, சாலை வழியே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், மலபார் கரையில் இருக்கிறது. ஏனாம் கோதாவரி முகத்துவாரத்தில் இருக்கிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு என மூன்று மொழி பேசும் நான்கு துண்டு நிலங்களை ஒரே சட்டமன்றம் இணைத்திருக்கிறது. ஆனால் ஏனாம் பையன் ஒருவனும் மாஹே பையன் ஒருவனும் தம் வாழ்நாளில் ஒருவரையொருவர் சந்திக்க என்ன வாய்ப்பு இருக்கிறது? சிதறிக் கிடக்கும் நிலங்களை, யார் யாரோடு மோதுவது என்று சீட்டெடுக்கும் ஒரு குலுக்கல் பானைக்குள் போட்டுச் சேர்ப்பதற்கு, இந்தியாவில் நம்மைவிடப் பொருத்தமான இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் நாக் அவுட் மரபு உண்டு. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பை ஆசியாவிலேயே பழமையானது. 1977-இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய ஃபெடரேஷன் கோப்பையின் முதல் வெற்றியாளர், பெங்களூரின் தொலைபேசித் தொழிற்சாலை அணியான ஐ.டி.ஐ.; 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளிலும் கேரளா போலீஸ் அணி அதை வென்றது. 2017-ஓடு அது நின்று, மறு ஆண்டில் சூப்பர் கோப்பை வந்தது. இவை எல்லாம் சிறந்த போட்டிகளே. ஆயினும் அவை மேல்தட்டு அணிகளுக்கானவை. பாகூரிலிருந்தோ நெட்டப்பாக்கத்திலிருந்தோ ஓர் அணி படிப்படியாக ஏறிச் சென்று அவற்றைத் தொடுவதற்கு நேர் வழி இல்லை.

அழைப்பு இருந்தால்தான் ஆட்டம் என்ற வழக்கம் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பக்கத்து மீனவர் குப்பத்துப் பையன்களை அழைத்துக்கொண்டு ஒரு டோர்னமென்ட்டுக்குப் போனேன். நுழைவுக் கட்டணத்தைத் தாங்களே வசூல் செய்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பனியனின் முதுகில் எனாமல் பெயிண்டால் எண் எழுதியிருந்தார்கள். சரியாகக் காயாததால் 4-ஆம் எண்ணும் 7-ஆம் எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அழைக்கப்பட்ட பதினாறு அணிகளைத் தவிர யாருக்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பையன்கள் சுற்றுச்சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் ஆட்டத்துக்கு அழைக்கப்பட்ட அணி ஒன்று வரவே இல்லை. எதிரணிக்கு வாக் ஓவர் கொடுத்து, காலியான மைதானத்தில் விசில் ஊதினார்கள். சுவரின் மேலிருந்த ஒரு பையன், "சார், அந்த எடத்துல நாங்க ஆடியிருக்கலாமே" என்று கேட்டான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். 1992 மே 5 அன்று, கோர்சிகாத் தீவின் பாஸ்தியா நகரை ஒட்டிய ஃபுரியானியில், இதே பிரெஞ்சுக் கோப்பையின் அரையிறுதி தொடங்குவதற்கு முன், கூட்டத்துக்காக அவசரமாகக் கட்டிய தற்காலிக கேலரி சரிந்து விழுந்தது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டுக் கோப்பை யாருக்கும் வழங்கப்படவில்லை. ஊர்த் திடல்களுக்குப் போட்டியைக் கொண்டுவரச் சொல்கிற நான், அங்கே சவுக்குக் கம்பு கட்டி கேலரி எழுப்ப ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது என்றும் சேர்த்தே கேட்கிறேன். மக்கள் கோட்டுக்கு வெளியே தரையில் நின்று பார்க்கட்டும்; அப்படிப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் ஆட்டம் கற்றோம்.

செலவைப் பற்றித் தாங்கள் கவலைப்படுவது இயல்பே. முதல் சுற்றுகளை அந்தந்தப் பகுதிக்குள்ளேயே முடித்துவிட்டால், நீண்ட பயணம் கடைசி எட்டு அணிகளுக்கு மட்டுமே வரும். குலுக்கலை அறைக்குள் வைக்காமல் எல்லாரும் பார்க்கும்படி கடற்கரைச் சாலையில் வையுங்கள். இறுதிப் போட்டி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் நடக்கட்டும். அதற்கு முந்தைய ஆட்டங்களில் சிறிய அணியின் ஊரே மைதானமாக இருக்கட்டும். பரிசுத் தொகை குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. ஆண்டுதோறும் அதே கோப்பை கைமாற வேண்டும். வென்ற ஊரின் பெயர் அதன் அடியில் பொறிக்கப்பட வேண்டும்.

எங்கள் திடலின் வடக்குப் பக்கக் கோல் கம்பம் இடப்புறமாகச் சாய்ந்திருக்கிறது. தங்கள் பதிலுக்குக் காத்திராமல், வரும் ஞாயிறு காலை பையன்களோடு சேர்ந்து அதை நிமிர்த்தி, அடியில் கல் போட்டு இறுக்கப்போகிறோம். கோடு போடுவதற்கு இரண்டு மூட்டைச் சுண்ணாம்பும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அரியாங்குப்பத்து முன்னாள் ஆட்டக்காரன்