வலி மாத்திரை கொடுக்கும் முன் ஒரு கேள்வி

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், அங்கே நாள் முழுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 63 வயது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் கிராமம். போன ஆவணியில் முழங்கால் வலி தாங்காமல் ஒரு கடைக்குப் போய், "தம்பி, மூட்டு வலிக்கு மாத்திரை குடுப்பா" என்று கேட்டிருக்கிறார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஐந்து நாளைக்கு. அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். நாலாம் நாள் பல் விளக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. சொல்லக் கூச்சப்பட்டு ஒரு பகல் முழுக்க மறைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) 5-ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். டாக்டர் அந்த உறையை உள்ளங்கையில் கொட்டினார். இரண்டு மாத்திரை மிச்சம். பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. ஓரத்தில் ஒட்டியிருந்த பாதி எழுத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் டைக்ளோஃபினாக் என்று கண்டுபிடித்தார்.

அம்மா ஒன்பது வருடமாக, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும். கடையில் அதை யாரும் கேட்கவில்லை. கால் வலிக்கும் நெஞ்சு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவும் சொல்லவில்லை.

அவருடைய நாடியைத் தொட்டால் தாளம் தப்பிய உறுமி மாதிரி இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் உதறிக்கொண்டே இருப்பதால் ரத்தம் அங்கே தேங்கி உறைந்துபோகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்கான வாய்ப்பு இவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. அதனால் அசிட்ரோமை நிறுத்தவும் முடியாது. வயது, பிரஷர், சர்க்கரை, உடல் பருமன், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, குடி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை என்று எதனாலும் இது வரலாம். அம்மாவுக்கு வந்தது சின்ன வயதுத் தொண்டைப் புண்ணால். அப்போது காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்துபோனதோடு விட்டுவிட்டார்கள். அந்த ரூமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது நாற்பதுக்கு மேல்தான் தெரிந்தது.

டாக்டர் ஃபீஸும் ஒரு நாள் கூலியும் மிச்சம் என்றுதான் எங்கள் ஊர்க்காரர்கள் உங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் டாக்டர் நீங்கள்தான். அந்த உரிமையில் கேட்கிறேன். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் அம்மாவுக்குப் புரியாது. "அப்பப்ப ரத்தம் எடுத்துப் பாத்துட்டு அளவு மாத்துவாங்களே, அந்த மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேளுங்கள், உடனே தலையாட்டுவார். ஆமாம் என்றால் வலி மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். வயிற்றுப்போக்குக்கு நாம் சாதாரணமாக வாங்கும் மெட்ரோனிடசோலும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும்.

அப்புறம், அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் வாங்குபவரிடம் போகட்டும். அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று வருகிறது. அம்மாவுக்கு ஒரு நாள் 2, மறுநாள் 3. ஸ்டாக் இல்லையென்றால் வேறு அளவை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்கத் தேவைப்படாத ரிவராக்சபான் போன்ற புது மாத்திரைகளுக்கும் கடையிலேயே மாற்றக் கூடாது. 2022-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ரூமாட்டிக் வால்வு நோயோடு இந்தத் துடிப்புக் கோளாறும் இருப்பவர்களுக்குப் அசிட்ரோம் மாதிரி பழைய வகை மாத்திரையே மேல் என்று தெரிந்தது.

இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரைக்குச் சீட்டு வந்தால் இன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பல பேருக்கு வாரத்தில் 5 நாள் மட்டும் என்று எழுதியிருப்பார்கள். அது தெரியாமல் பெரியவர்கள் 7 நாளும் சாப்பிட்டுவிடுகிறார்கள். உடம்பில் அது கூடினால் பசி போகும், குமட்டும், பார்வை மஞ்சளாகும், நாடி மெதுவாகும். உறையின் மேல் "சனி, ஞாயிறு வேண்டாம்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும்.

சில கடைகளில் பிரஷர் மெஷின் வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். துடிப்பு ஒழுங்கில்லை என்ற அடையாளம் திரும்பத் திரும்பத் தெரிந்தால், மெஷின்தான் ரிப்பேர் என்று விட்டுவிடாமல் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

அம்மா தேறிவிட்டார். அடுத்த முறையும் உங்களில் ஒருவர் கடைக்குத்தான் வருவார். மஞ்சப்பையில், சுருக்குப்பைக்கு அடியில், ஐ.என்.ஆர். எழுதிய நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
திருமங்கலம் வட்டம்.