காலம் சொல்லாத சொத்து மதிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிகளின் ஏல அறிவிப்புகள் தமிழ் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வருகின்றன. வெளியே 70 லட்சத்துக்குக் கைமாறும் தெருவில், அதே அளவு வீடு 55 லட்சம் ரிசர்வ் விலைக்கு (ஏலத்தின் குறைந்தபட்ச விலை) ஏலம் வந்தும் கேட்க ஆளில்லாமல் போவதுண்டு. மதிப்பீடு போட்டவர்தான் கோட்டை விட்டுவிட்டார் என்று உடனே பேச்சு வரும். சில நேரம் அது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருக்கிறது. அறிக்கையில் தொகை இருக்கும், அந்தத் தொகை கிடைக்கச் சொத்து எத்தனை மாதம் சந்தையில் நின்றிருக்க வேண்டும் என்பது இருக்காது.

சர்வதேச மதிப்பீட்டுத் தரநிலைகள் தரும் சந்தை மதிப்பின் இலக்கணத்திலேயே ‘முறையாகச் சந்தைப்படுத்திய பிறகு’ என்ற நிபந்தனை உண்டு. அந்தக் காலம் மதிப்பீட்டுத் தேதிக்கு முன்பே கழிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 20-ம் தேதிக்கு 70 லட்சம் என்றால், ஏப்ரல், மே வாக்கிலேயே விற்பனைக்கு வந்து, பலர் பார்த்து, பேரம் பேசி, ஆகஸ்ட் 20 அன்று கிரயம் முடிந்திருக்கும் என்று பொருள். இன்று விளம்பரம் கொடுத்தால் எப்போது விற்கும் என்பது தனிக் கேள்வி. அமெரிக்க மதிப்பீட்டு விதிகள் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. மதிப்பின் இலக்கணம் சந்தைக் காலத்தைச் சார்ந்திருந்தால் முதலாவதை, அதாவது தேதிக்கு முன் கழிந்த காலத்தை, அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

இங்கே இரண்டும் குழம்புவதால் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ‘விற்க ஆறு மாதமாகும், அதனால் 10 சதவீதம் கழிக்கிறேன்’ என்று சந்தை மதிப்பிலேயே கை வைக்கிறார்கள். அந்த ஆறு மாதம் கழிந்துவிட்டது என்ற அனுமானத்தில் வந்த தொகையில், அதே காரணத்துக்காக மறுபடி கழிக்க இடமில்லை.

காலத்தைக் கணிப்பது எப்படி? விற்பனைக்கு வந்த நாள், விலை குறைத்த நாள், விற்ற நாள் எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகும் பொதுத் தரவுத்தளம் நம்மிடம் இல்லை. கையில் இருப்பதைக் கோக்க வேண்டியதுதான். வில்லங்கச் சான்றில் கிரயத் தேதி கிடைக்கும். உடன்படிக்கை பதிவாகியிருந்தால் அந்தத் தேதியும் கிடைக்கும். பத்திரத்தில் எழுதிய விலை பல நேரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்பதால் நம்ப முடியாது, தேதியை ஓரளவு நம்பலாம். முதல் விளம்பரம் எப்போது வந்தது என்பதற்கு இணையதளங்களையும் புரோக்கர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இணையத்தில் பழைய விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வீட்டின் புகைப்படங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

உதாரணத்துக்கு ஒரு நகர்ப் பகுதியில் விற்ற ஏழு வீடுகள், விளம்பரம் முதல் அட்வான்ஸ் வரை 40, 55, 70, 85, 110, 130, 310 நாள் எடுத்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 114 நாள், நடு எண் 85. அந்த 310 நாள் வீட்டுக்காரர் முதல் எட்டு மாதம் சந்தைக்கு ஒவ்வாத விலை சொல்லிக்கொண்டிருந்தார் என்றால், அந்த வீடு கணக்கில் சேராது. நாம் தேடுவது சரியான விலையில் நின்ற காலத்தை. இதோடு முடிப்பவர்கள்தான் அதிகம். விற்றவற்றை மட்டும் எண்ணினால் சந்தை இருப்பதைவிட வேகமாகத் தெரியும். அதே பகுதியில் நியாயமான விலை சொல்லியும் 200 நாளைத் தாண்டி விற்காத ஐந்து வீடுகள் இருந்தால், மிச்சமுள்ள ஆறோடு அவற்றையும் சேர்க்க வேண்டும். 11 வீடுகளில் நடு எண் 130 நாளாகிவிடும். இதன் மேல் அட்வான்சிலிருந்து கிரயம் வரை ஆகும் காலம்: வங்கிக் கடன், வக்கீல் கருத்து, சில இடங்களில் வாரிசுச் சான்று. ஆக ‘5 முதல் 7 மாதம்’ என்று வீச்சாக எழுதுவதே நேர்மை. 163 நாள் என்று துல்லியமாக எழுதுவது வெறும் பாவனை.

ஆடி மாதத்தையும் மறக்கக் கூடாது. ஆனியில் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் ஆடி கழியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் பதிகிறார்கள். ஆவணிப் பத்திரங்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தை சூடு பிடித்துவிட்டது என்று எழுதுவது அபத்தம்.

சட்டம் மாறினால் பழைய நாள் கணக்கு ஒரே நாளில் செல்லாக்காசாகும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017 மே மாதம் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்த பிறகே நிலையான வழி பிறந்தது. இடைப்பட்ட மாதங்களில் அத்தகைய மனைக்கு, ஆகஸ்ட் வரை நடந்த விற்பனைகளை வைத்து ‘மூன்று மாதம்’ என்று எழுதியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

இனி ஏலத்துக்கு வருவோம். வாராக் கடனுக்காக வங்கிகள் அடமானச் சொத்தை விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் விதிகளின்படி முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்பு, மறு ஏலத்துக்கு 15 நாள். ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும், மீதியை விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். வங்கி சம்மதித்தால் அதிகபட்சம் மூன்று மாதம். வீட்டுக் கடனை நம்பி வாங்கும் குடும்பங்கள் இந்தக் கெடுவைப் பார்த்தே ஒதுங்கிவிடும், ரொக்கம் உள்ளவர்கள்தான் மிச்சம். ஐந்தாறு மாத மதிப்பை 30 நாளில் எதிர்பார்ப்பது எப்படி?

இந்த இடைவெளிக்காகத்தான் ‘ஃபோர்ஸ்டு சேல் வேல்யூ’ (கட்டாய விற்பனை மதிப்பு) என்ற கட்டம் வங்கிப் படிவங்களில் இருக்கிறது. அதில் சந்தை மதிப்பில் 75 அல்லது 80 சதவீதம் என்று வாய்ப்பாடு போல எழுதப்படுவதுதான் சிக்கல். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற 1,200 சதுர அடி மனைக்கும் ஓடாத அரிசி ஆலைக்கும் ஒரே சதவீதமா? இரண்டு மூன்று மாதத்தில் போகும் மனைக்கு 30 நாள் என்பது சிறு நெருக்கடி. அரிசி ஆலையையோ கல்யாண மண்டபத்தையோ வாங்கக்கூடியவர்கள் ஒரு வட்டாரத்துக்கே சிலர்தான். சரியான விலைக்கே ஒன்றரை வருடம் நிற்கலாம். அதை ஒரு மாதத்தில் தள்ளும்போது விழும் விலைக்கு 80 சதவீதம் என்ற கணக்கு எந்த ஆதாரமும் ஆகாது. வழக்கமான காலத்துக்கும் கிடைத்திருக்கும் காலத்துக்கும் உள்ள தூரம்தான் கழிவைத் தீர்மானிக்க வேண்டும்.

எனவே வங்கிகள் தங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். ‘இந்த மதிப்புக்கு, மதிப்பீட்டுத் தேதிக்கு முன் சொத்து சந்தையில் நின்றிருக்க வேண்டிய காலம் ___ முதல் ___ மாதம், ஆதாரம்: விற்ற ___ சொத்துகள், விற்காத ___ சொத்துகள்.’ கட்டாய விற்பனை மதிப்புக்குக் கீழேயும் எத்தனை நாளில் விற்பதாக வைத்து அந்தத் தொகை எழுதப்பட்டது என்று கேட்கட்டும். ஆதாரக் கட்டம் காலியாக வந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.

இப்படிக்கு,
சொத்து மதிப்பீட்டாளர்,
திருச்சி