தண்ணீர் தெளித்த ஐயாவுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

அன்று மைதானத்தில் ஓடிய, தொய்வு (ஆஸ்துமா) உள்ள எங்கள் பிள்ளைக்கு முட்டு வந்து மூச்சுத் திணறியது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை இப்போது சுகமாக இருக்கிறாள். டொக்டர் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த நிம்மதியோடுதான் பயிற்றுநர்கள் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓட்டும் ஐயாவுக்கு. ஒருவரும் கேட்காமலே, மறுநாள் தொடக்கம் விடிய வெள்ளன பரலில் தண்ணீர் கொண்டுவந்து, வேம்படி மூலையில் 50 மீற்றருக்குத் தெளித்துவிட்டுப் போகிறார். பரலுக்குப் பின்னால் துளையிட்ட குழாய் ஒன்று பூட்டியிருக்கிறார். சேறாகாமல், புழுதி படியுமளவுக்கு மட்டும் நனைகிறது. பிள்ளைகள் வரமுன் மண் தண்ணீரைக் குடித்துவிடுவதால் கால் வழுக்குவதுமில்லை. ஐயா, டீசல் காசை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோளகக் காற்று அடிக்கிற நாளில் இந்தச் செம்மண்ணில் அது எவ்வளவு பெரிய உதவி! வேகமாக ஓடும்போது மூச்சு வாயால்தான் போகிறது. மூக்கு காற்றை ஈரமாக்கி, தூசியைப் பிடித்துவைக்கிற வேலை நடக்காது. சுவாசக்குழாயின் உட்பக்கம் உலர, சிலருக்குச் சுற்றியிருக்கும் தசை இறுகிவிடும். தொய்வு உள்ள பிள்ளைக்குப் புழுதியும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. முட்டு பெரும்பாலும் கடுமையாவது ஓட்டம் முடிந்து 5 முதல் 15 நிமிடத்துக்குள். எல்லோரும் கைதட்டிவிட்டுத் திரும்புகிற நேரம் அது.

அந்த ஈர மூலையில்தான் இப்போது வோர்ம் அப். டொக்டர் சொல்லியிருந்தால், தொடங்க 10–15 நிமிடம் முன்பு நீல இன்ஹேலர் 2 தரம். பிறகு 5 நிமிடம் நடையும் மெல்லோட்டமும். அதன்பின் 30 செக்கன் வேகமாகப் போய்த் திரும்பி ஓடி, 45 செக்கன் நடை. இப்படி 6 முதல் 8 தடவை. நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்த வேண்டும். மைதானத்தை ஒரே சீராக மெல்லச் சுற்றுவதைவிட இந்த விட்டுவிட்டு ஓடும் முறையே கூடப் பலன் தரும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அடுத்த ஒன்றிரண்டு மணித்தியாலம் சுவாசக்குழாய் முன்போல இறுகாது. மற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது. ஆகவே வோர்ம் அப் செய்துவிட்டோம் என்று இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது. ஓடி முடிந்ததும் பொத்தென்று இருக்கவிடாமல் 10 நிமிடம் நடக்கவிடுங்கள்.

1990 இலக்க அம்புலன்சில் வந்த தம்பிமார், சோடாப் போத்தலில் ஸ்பேசர் (இன்ஹேலர் மருந்தை இழுக்க உதவும் கூடு) செய்யக் காட்டித்தந்த மிஸ், ஓட்டத்துக்கு முன் எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் அழைப்பு அறைக்குப் பிள்ளையைக் கடைசியாக வரவிட்ட நடுவர்கள், வைக்கோல் எரிப்பதைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைத்த பக்கத்து வயல்காரர், எல்லோருக்கும் நன்றி. இன்ஹேலர் ஊக்கமருந்தாகுமோ என்று பயந்த பெற்றோருக்கு விளக்கம் சொன்ன விளையாட்டு உத்தியோகத்தருக்கும் நன்றி. நீல இன்ஹேலரில் உள்ள சல்பியூட்டமோல் மருந்துக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம் வரையும், 8 மணித்தியாலத்தில் 600 வரையும் இடம் தருகிறது. 2 தரம் இழுப்பது 200 மட்டுமே.

இனி எந்தப் போட்டிக்குப் போனாலும், தொய்வுள்ள பிள்ளைக்குப் புழுதியில்லாத ஒரு மூலையும் 20 நிமிடமும் கேட்டு வாங்காமல் களத்தில் இறக்கமாட்டோம். பெற்றோரே, பிள்ளையின் பெயரெழுதிய இன்ஹேலர் ஒன்றைத் திங்கட்கிழமைப் பயிற்சிக்கு வரும்போது எங்கள் கையில் தாருங்கள். முடிவுத் திகதியையும் ஒருக்கால் பாருங்கள்.

அன்புடன்,
மைதானப் பயிற்றுநர்கள்